யன்னலுக்குள் ஓர் ஏழைக் குடும்பம்

நான் மூன்று நாடுகளில் பட்டினி கிடந்திருக்கிறேன். ஆனால் பட்டினி கிடப்பவனைப்போல் நடிக்க எனக்கு வராது என்பதை நாலாவது நாட்டில், அதுவும் நல்லாய்ச் சாப்பிட்டிருந்த ஒரு நாளில்தான் கண்டுபிடித்தேன்.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். (பள்ளிக்கூடம்தான் உன்னை விட்டது என்பாள் அக்கா.) கொழும்பு, பாங்கொக், மொஸ்கோ என்று அலைந்து, நோர்வேயின் வடக்கே ஒரு தொழிற்சாலையில் மீன் வெட்டி, கடைசியில் ஒஸ்லோவுக்கு வந்து எல்லிங்ஸ்ருட் என்ற பகுதியில் நிலத்தோடு ஒட்டிய ஒரு கீழ்த்தட்டு வீட்டில் ஒதுங்கினேன். வயது முப்பத்தொன்பது. வேலை, பஸ் கழுவுவது. கல்யாணம் ஆகவில்லை. இரண்டு சம்பந்தங்கள் பேச்சு வரைக்கும் வந்து திரும்பிப் போயிருந்தன. விசாரித்தவர்கள் என் கதையைப் பாதி கேட்டதுமே தேநீரைக் குடிக்காமல் எழும்பிவிட்டார்கள்.

மூன்றாவதாக வந்தது வாகினியின் சம்பந்தம். துரொண்ட்ஹெய்ம் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் தாதியாக வேலை. மூன்று மாதமாகத் தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தோம். அவள் கேள்விகளைச் சுற்றி வளைக்காமல் கேட்பாள். நான் பதில்களைச் சுற்றி வளைத்துச் சொல்வேன். அவளுடைய குரல் கேட்காத நாளில் எனக்கு பஸ் கழுவக் கை எழும்பாத நிலை வந்துவிட்டது. இது முறிந்தால் நாலாவது என்று ஒன்று வராது என்பது எனக்கும் தெரியும், சம்பந்தம் பேசிய அத்தானுக்கும் தெரியும்.

அத்தான் அக்காவின் புருஷன். பக்கத்துக் கட்டடத்தில் இருக்கிறார். ஒருநாள் என்னை இருத்தி வைத்துப் பாடம் எடுத்தார்.

"உன்னை எப்பிடிச் சொல்லி வைச்சிருக்கிறன் தெரியுமோ? போக்குவரத்துத் துறையிலை உத்தியோகம். எல்லா வசதியோடையும் வீடு. விளங்குதோ? நீ வாயைத் திறந்து ஸ்டேஷனிலை படுத்தன், கோப்பை கழுவினன் எண்டு உளறிப்போடாதை."

"ஆர் வந்து பாக்கப் போகினம் அத்தான்?"

"பெட்டையின்ரை தாய்மாமன். சிவபாதம் எண்டு பேர். இஞ்சை ஒஸ்லோவிலைதான் இருக்கிறார். எப்ப வருவார் எண்டு சொல்லமாட்டார். சொல்லிப்போட்டு வந்தால் அது விருந்து. சொல்லாமல் வந்தால்தான் விசாரிப்பு."

எங்கள் ஆட்களின் வழக்கம் அது. மாப்பிள்ளையை அவன் எதிர்பாராத நேரத்தில் போய்ப் பார்க்கவேண்டும். நானும் இரண்டு கிழமை தினமும் தாடி வழித்து, சேர்ட்டை மினுக்கிப் போட்டுக்கொண்டு வீட்டில் காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. பிறகு டிசெம்பர் வந்தது. டிசெம்பரோடு பெரிட் வந்தார்.

பெரிட் ஓய்வு பெற்ற ஆசிரியை, எங்கள் குடியிருப்பின் கிறிஸ்மஸ் குழுத் தலைவி. இங்கே சில குடியிருப்புகளில் ஒரு பழக்கம் உண்டு. டிசெம்பரில் ஒவ்வொரு மாலையும் ஒரு வீட்டின் யன்னலுக்கு இலக்கம் ஒட்டி, திரை விலக்கி, உள்ளே ஏதாவது காட்சி வைப்பார்கள். அயலவர்கள் பனியில் நின்று சூடான வாசனைப் பானத்தைக் குடித்துக்கொண்டு பார்ப்பார்கள். அந்த வருடம் பெரிட்டுக்கு ஒரு பெரிய ஆசை. விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கிலக் கிறிஸ்மஸ் கதைகளில் வருகிற ஓர் ஏழை வீட்டை, ஆட்களோடு, உயிரோடு யன்னலில் காட்டவேண்டும். அதற்குக் கீழ்த்தட்டில் ஒரு வீடு தேவை.

நாலு பேர் கொண்ட குழு வீடு வீடாகப் பார்த்து வந்தது. என் அறைக்குள் நுழைந்ததும் நாலு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒரு மேசை, ஒரு கதிரை, சுவரோரம் ஒரு மெத்தை, கூரையிலிருந்து தொங்கும் ஒரு பல்ப். வேறு ஒன்றுமில்லை. ஒரு பைக்குள் அடங்காத பொருளை என்னுடையது என்று நான் நினைத்துப் பழகவில்லை. அத்தான் சொன்ன "எல்லா வசதியும்" இவ்வளவுதான்.

பெரிட் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "ஒன்றையும் மாற்ற வேண்டியதில்லை," என்றார்.

குழுவின் பொருளாளர், "விளக்குக்கூடப் பொருத்தமாக இருக்கிறது," என்றார்.

நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு கோப்பி போட்டுக் கொடுத்தேன். (குவளை இரண்டுதான். நாலு பேரும் மாறி மாறிக் குடித்தார்கள். அதுவும் அவர்களுக்கு நன்றாகப் பிடித்துவிட்டது.) வீட்டோடு சேர்த்து என்னையும் எடுத்துக்கொண்டார்கள். ஏழைத் தகப்பன் வேடம் எனக்கு.

பெரிட் அந்தக் காலத்துக் கதைகள் நாலைந்தைச் சேர்த்து ஒன்றாக்கியிருந்தார். ஒத்திகைக்கு முன் எனக்கு அதை எளிய நோர்வீஜிய மொழியில் வாசித்துக் காட்டினார். ஓர் ஏழைத் தொழிலாளி. பொறுமையான மனைவி. பிள்ளைகள், அதில் கட்டாயம் ஒன்று நோயாளி. மேசையில் சின்னதாய் ஒரு துண்டு இறைச்சி. எல்லோரும் அதைப் பார்த்து ஆனந்தப்படுவார்கள். பிறகு கல்நெஞ்சு முதலாளி கதவைத் திறந்துகொண்டு வருவார். பார்ப்பார். மனம் இளகுவார். எல்லாம் சரியாகிவிடும்.

"இவன் ஏன் சம்பளத்தைக் கூட்டிக் கேட்கவில்லை?" என்று கேட்டேன்.

"கேட்டால் கதை இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும்," என்றார் பெரிட்.

"பசியோடு இருக்கிறவர்கள் இப்படி ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கமாட்டார்கள். யாருக்குப் பெரிய துண்டு என்று பார்ப்பார்கள்."

"தெரியும். ஆனால் இதை வாசித்தவர்கள் வயிறு நிறைந்தவர்கள். ஏழை கோபப்பட்டால் அவர்கள் புத்தகத்தை மூடிவிடுவார்கள். முதலில் அவர்களை அழவைக்க வேண்டியிருந்தது. ஏழைகளுக்கான சட்டங்கள் அதற்குப் பிறகுதான் வந்தன."

அந்தப் பதில் எனக்குப் பிடித்தது. ஆனாலும் நடிப்பு வரவில்லை. "இன்னும் சோகமாக, சந்திரன், இன்னும் சோகமாக!" என்று பெரிட் ஒத்திகை முழுக்கக் கத்தினார். பசித்த காலத்தில் நான் சோகமாக இருந்ததாக ஞாபகம் இல்லை. பகிடி விட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன். யாராவது கேட்டால் இப்பத்தான் சாப்பிட்டேன் என்று வயிற்றைத் தடவிக் காட்டியிருக்கிறேன். அதைச் செய்து காட்டியபோது, "இது விருந்துக்குப் போய் வந்தவன் மாதிரி இருக்கிறது," என்று பெரிட் நிராகரித்துவிட்டார். உண்மையான ஏழ்மையில் எனக்குத் தேர்ச்சி போதவில்லை.

மனைவி வேடம் மூன்றாம் மாடி ஆனியாவுக்கு. போலந்துக்காரி, பஸ் ஓட்டுநர், என்னைவிட அரையடி உயரம். அவளுடைய மகள் சோஷியாவும் ஏழு வயது மகன் கூபாவும் எங்கள் பிள்ளைகள். கூபாதான் நோயாளி, மெத்தையில் அசையாமல் படுத்திருக்கவேண்டும். யன்னல் மூடியிருக்கும், வெளியே சத்தம் கேட்காது. அதனால் எந்த மொழியில் எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள், வாய் அசைந்தால் போதும் என்று பெரிட் சொல்லிவிட்டார். ஆனியா தன் பஸ் நிறுத்தங்களின் பெயர்களை வரிசையாக அழுதழுது சொன்னாள். கேட்க நெஞ்சு வெடிக்கும்.

முதலாளி வேடத்துக்கு மட்டும் ஆள் ஒத்திகைக்கு வரவில்லை. "உங்கள் நாட்டவர் ஒருவர். நூலகத்தில் சந்தித்தேன். நல்ல மீசை, நீளக் கறுப்புக் கோட், கம்பீரமான மனிதர். பெயர்தான் மறந்துவிட்டது. அன்றைக்கு நேரே வந்துவிடுவார்," என்றார் பெரிட்.

எங்கள் நாள் வந்தது. ஐந்து மணிக்குத் திரை விலகவேண்டும். மூன்றரைக்கே இருட்டிவிட்டது. நான் கிழிந்த கோட்டும் கன்னத்தில் கரியுமாக நின்றேன். ஐந்தாகப் பத்து நிமிடம் இருக்கும்போது, கட்டட வாசலில் மணிப்பொத்தான்களின் பெயர்களைக் கண்ணாடி போட்டு வாசித்துக்கொண்டிருந்த ஒரு மனிதரைப் பெரிட் கண்டார். நல்ல மீசை. நீளக் கறுப்புக் கோட். நூலகத்தில் ஒருமுறை பார்த்த முகம் பெரிட்டுக்குச் சரியாக ஞாபகமில்லை. கோட்டுதான் ஞாபகம்.

"வந்துவிட்டீர்களா!" என்றார் பெரிட். "சந்திரன் உள்ளே உங்களுக்காகத்தான் காத்திருக்கிறார்."

வந்தவர் திகைத்திருக்கவேண்டும். சொல்லாமல் வந்த இடத்தில் காத்திருக்கிறார்கள் என்றால்? ஆனாலும் ஆம், சந்திரனைப் பார்க்கத்தான் வந்தேன் என்று சொல்லியிருக்கிறார். பெரிட் அவருடைய தலையில் ஓர் உயரமான கறுப்புத் தொப்பியை வைத்தார். அவர் மறுக்கவில்லை. முப்பது வருடம் இந்த நாட்டில் இருந்தவர். நோர்வேக்காரர் கிறிஸ்மஸ் நேரத்தில் என்ன செய்யச் சொன்னாலும் கேள்வி கேட்காமல் செய்துவிடுவது நல்லது என்று கற்றிருந்தார்.

திரை விலகியது. உள்ளே வெளிச்சம், வெளியே இருட்டு. அதனால் யன்னல் எங்களுக்கு முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி. வெளியே நின்ற எழுபது பேரில் ஒருவரும் தெரியவில்லை. நாங்கள் மேசையைச் சுற்றி அந்தச் சின்ன இறைச்சித் துண்டைப் பார்த்து ஆனந்தப்பட்டோம். ஆனியா நாலாவது பஸ் நிறுத்தத்துக்கு வந்திருந்தாள். அப்போது கதவு திறந்தது. தொப்பியோடு முதலாளி வந்தார்.

அவர் என்னைப் பார்த்தார். ஆனியாவைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு தமிழில், "நீர்தானோ சந்திரன்?" என்றார்.

நடிகர் தன்னை அறிமுகப்படுத்துகிறார் என்று நினைத்தேன். "ஓம் ஐயா, நான்தான். வாங்கோ. உங்களை இருக்கச் சொல்ல வேறை கதிரை இல்லை."

"இது ஆர்?"

"மனிசி, ஐயா."

அவருடைய மீசை துடித்தது. என்ன நடிப்பு! "பிள்ளையள்?"

"என்ரைதான். கடைசிக்கு வருத்தம். எழும்பமாட்டான்."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "இதெல்லாத்தையும் ஏன் முதலே சொல்லேல்லை?"

உள்பக்கம் யன்னலுக்குக் கீழே, வெளியே யாருக்கும் தெரியாமல் குந்தியிருந்த பெரிட், இன்னும் சோகமாக என்று எனக்குக் கைகாட்டினார். என்ன சொல்வதென்று தெரியவில்லை. எனக்கு வசனம் கற்பனை செய்ய வராது. எதிரில் நின்றவரோ யாரென்று தெரியாத ஆள். காட்சி முடிந்தால் தன் வழியில் போய்விடுவார். வாய் அசையவேண்டும். இருந்ததைச் சொன்னேன்.

"சொன்னால் ஆர் ஐயா மதிப்பினம்? எட்டாம் வகுப்போடை பள்ளிக்கூடம் விட்டனான். மொஸ்கோவிலை ரெண்டு கிழமை பாணும் தண்ணியும்தான். இஞ்சை வந்த புதுசிலை ஸ்டேஷனிலை பதினொரு நாள் படுத்தனான். ஆரும் கேட்டால் சாப்பிட்டிட்டன் எண்டுதான் சொல்லுவன். பசிக்குது எண்டு சொல்ல வாய் வராது. உத்தியோகம் எண்டு சொல்லிக்கொண்டு திரியிறன், உண்மையிலை பஸ் கழுவுறன். இந்த வீட்டிலை கிடக்கிறதெல்லாம் நீங்கள் பாக்கிறதுதான்."

பெரிட் கையை இறக்கினார்.

முதலாளி பிள்ளைகள் பக்கம் திரும்பினார். பிறகு, "உம்மைத் திட்டத்தான் வாய் வருது. பிள்ளையளின்ரை முகத்தைப் பாத்தால் முடியேல்லை," என்றார். கையிலிருந்த பையைத் திறந்தார். உள்ளே ஒரு பெட்டி பயற்றம்பணியாரம். பேசப்போகிற வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்று மனைவி சுட்டுக் கொடுத்ததாம். அதைச் சோஷியாவின் மடியில் வைத்தார். தன் கோட்டைக் கழற்றிக் கூபாவுக்குப் போர்த்தினார். எழும்பமாட்டாத கூபா எழும்பி இருந்து இரண்டு பணியாரத்தை ஒன்றாக வாய்க்குள் அடைத்தான்.

யன்னலுக்கு வெளியே கைதட்டல் வெடித்தது. கண்ணாடிக்குள்ளாலும் கேட்டது. பெரிட் எழும்பி விளக்கை அணைத்தார். இப்போது வெளியே தெரிந்தது. மெழுகுதிரி பிடித்துக்கொண்டு எழுபது பேர். பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள். முன்வரிசையில் அக்கா, பக்கத்தில் அத்தான். அத்தான் மட்டும் கைதட்டவில்லை. ஒரு கையைத் தலையில் வைத்து, மற்றக் கையால் என் பக்கத்தில் நின்றவரைக் காட்டி, வாயைப் பெரிதாகத் திறந்து ஏதோ கத்திக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஆனால் அத்தான் கண்ணை அவ்வளவு பெரிதாக்கி ஒருவரைப் பார்க்கிறார் என்றால் அவர் யாராக இருக்கமுடியும் என்பது, மெல்ல, கால் விரலிலிருந்து மேலே ஏறி வந்தது.

"ஐயா," என்றேன். "உங்கடை பேர்?"

"சிவபாதம்."

மெத்தையில் இருந்துவிட்டேன்.

சிவபாதம் மாமா எழுபது பேரையும் பார்த்தார். ஆனியாவிடம் திரும்பி, நீ இவனுடைய மனைவி இல்லையா என்று நோர்வீஜிய மொழியில் கேட்டார்.

"நானா?" என்றாள் ஆனியா. "என் கணவன் அங்கே வெளியே படம் எடுத்துக்கொண்டு நிற்கிறான்."

பெரிட் ஓடிவந்து மாமாவைக் கட்டிப்பிடித்து, இந்தக் குடியிருப்பில் இப்படி ஒரு முதலாளியைப் பார்த்ததே இல்லை என்றார். (நூலகத்து மனிதர் தடிமன், காய்ச்சல் என்று வீட்டில் படுத்திருந்தது அடுத்த நாள்தான் தெரிந்தது.) மாமா அவருடைய பிடியிலிருந்து விலகி வெளியேறினார். கோட்டை மறந்துவிட்டார். தொப்பியையும் மறந்துவிட்டார். பனியில், கோட் இல்லாமல், அந்த உயரமான தொப்பியோடு நிலக்கீழ் ரயில் நிலையத்தை நோக்கி அவர் போனதை எழுபது பேரும் பார்த்தார்கள். அதற்கும் கைதட்டினார்கள்.

"முடிஞ்சுது," என்றார் அத்தான். "ஸ்டேஷனிலை படுத்ததையும் சொன்னனியோ?"

"ஓம்."

"எத்தினை நாள் எண்டும் சொன்னனியோ?"

"ஓம்."

அத்தான் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. எனக்காக அவர் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

ஒன்பது நாள் துரொண்ட்ஹெய்மிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. நான் எடுக்கவும் துணியவில்லை. பஸ்கள் எல்லாம் ஒழுங்காகக் கழுவப்பட்டன. கழுவியது யாரென்று எனக்குத் தெரியாது. பத்தாம் நாள் மத்தியானம் தொலைபேசி அடித்தது.

"மாமா வந்தவுடனை சொன்னவர்," என்றாள் வாகினி. வணக்கம், சுகம் ஒன்றுமில்லை. "மனிசி, பிள்ளையள் நடிப்பு, மிச்சமெல்லாம் உண்மை போலக் கிடக்கு, பாத்து முடிவெடு எண்டு. ஒன்பது நாளா யோசிச்சனான். ஸ்டேஷனிலை படுத்தது உண்மையோ?"

"ஓம்."

"பதினொரு நாளோ?"

"பதினொண்டு."

"உத்தியோகம்?"

"பஸ் கழுவுறன்."

அவளுடைய குரல் கொஞ்சம் உடைந்தது. "மூண்டு மாதமா என்னோடை கதைச்சியள். இதிலை ஒண்டையும் சொல்லேல்லை. கண்ணாடிக்குப் பின்னாலை நிண்டுகொண்டு ஆரோ தெரியாத மனிசனுக்குச் சொல்லியிருக்கிறியள்."

"தெரியாத ஆள் எண்டபடியாத்தான் சொல்ல முடிஞ்சுது. உங்களை இழக்கப் பயம்."

அவள் மூக்கை உறிஞ்சியது கேட்டது. அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று பிடிபடவில்லை. "சரி," என்றாள். "இப்ப என்னட்டைச் சொல்லுங்கோ. முதலிலை இருந்து. ஒண்டையும் விடாமல்."

சொன்னேன். கொழும்பில் தொடங்கி மீன் தொழிற்சாலைக்கு வர இரண்டு மணித்தியாலம் ஆனது. இடையில் மூன்று முறை சிரித்தாள், ஒரு முறை போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். கடைசியில், "மாமாவுக்குக் கோட்டைத் திருப்பிக் கேக்க வெக்கம். கொண்டுபோய்க் குடுங்கோ. சம்பந்தம் பேசப் போறதெண்டு சொல்லிக்கொண்டு போங்கோ," என்றாள்.

போனேன். மாமா கதவைத் திறந்தார். கோட்டை வாங்கித் தட்டிப் பார்த்தார். பணியாரத் தூள் கொட்டியது. பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து, "உள்ளுக்கு வாரும். இஞ்சை இருக்கக் கதிரை இருக்கு," என்றார்.

கல்யாணத்துக்கு ஆனியா குடும்பத்தோடு வந்தாள். மண்டப வாசலில் நின்ற மாமா, அவளைக் கண்டதும், "மாப்பிள்ளையின்ரை மூத்த குடும்பம் வருது, வழி விடுங்கோ!" என்று உரத்துச் சொல்லி முன்வரிசையில் கொண்டுபோய் இருத்தினார். அந்த முன்வரிசை ஒரு கணம் மூச்சே விடவில்லை. வீடியோக்காரர் அதை நன்றாகப் பிடித்திருக்கிறார்.

அதன்பிறகு ஒவ்வொரு டிசெம்பரும் அந்த யன்னல் எங்களுடையதுதான். முதலாளி வேடத்தைச் சிவபாதம் மாமா வேறு ஒருவருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. கூபாதான் ஆறடி வளர்ந்துவிட்டான். நோயாளிப் பிள்ளையின் கால் மெத்தைக்கு வெளியே நீள்கிறது. வீட்டில் இப்போது சோபா, அலுமாரி எல்லாம் நிறைந்துவிட்டதால் அந்த ஒரு மாலைக்காக அவ்வளவையும் படுக்கையறைக்குள் தள்ளவேண்டியிருக்கிறது.

போன வருடம் எங்கள் மகள் மிதுனாவின் பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. ஆறு வயதுப் பிள்ளைகளைக் குடும்பப் படம் வரையச் சொல்லியிருக்கிறார்கள். மிதுனா அம்மாவை வரைந்து, அப்பாவை வரைந்து, பக்கத்தில் பஸ்ஸோடு ஓர் உயரமான பெண்ணையும் வரைந்து, இது அப்பாவின் முதல் மனைவி, மூன்றாம் மாடியில் இருக்கிறார், அம்மாவுக்கு எல்லாம் தெரியும், அவர்கள் நல்ல சிநேகிதிகள் என்று வகுப்பு முழுக்க விளக்கியிருக்கிறாள். இளம் ஆசிரியை படத்தை எங்களுக்கு முன்னால் மேசையில் வைத்து, மிகுந்த மரியாதையோடு, எந்தக் குடும்ப அமைப்பையும் தாங்கள் தவறாக நினைப்பதில்லை, விளங்கிக்கொள்வதற்காக மட்டும் கேட்கிறோம் என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் வாகினி, ஒரு சிரிப்பும் இல்லாமல், சுத்தமான நோர்வீஜிய மொழியில் பதில் சொன்னாள்.

"உண்மைதான். ஆனால் டிசெம்பரில் மட்டும். நான் வெளியே நின்று பார்ப்பேன்."

ஆசிரியை அதைக் குறித்துக்கொண்டார்.